மாத்திரைக்கு முன்பிருந்த வேறுபாடு: எழுமாற்றுச் சிகிச்சைப் பரிசோதனைகளில் தொடக்கநிலைச் சீராக்கம்

ஒரு சிகிச்சையின் பயனை அறிவதற்காக நோயாளர்களை இரு குழுக்களாகப் பிரிக்கும்போது, எவர் எந்தக் குழுவில் சேர்வார் என்பதை வைத்தியரோ நோயாளரோ தோட்ட நிர்வாகமோ தீர்மானிக்காமல் முழுவதும் தற்செயலிடம் விட்டுவிடும் முறையே எழுமாற்றாக்கம் எனப்படும். அவ்வாறு பிரிப்பதற்கு முன்னர் ஒவ்வொருவரிடமும் பதிவுசெய்யப்படும் வயது, உடல் நிறை, ஈமோகுளோபின் அளவு, குருதி அழுக்கம், முன்னைய நோய்கள் முதலியவை தொடக்கநிலைப் பண்புகள் ஆகும். எழுமாற்றாக்கம் இப்பண்புகளை இரு குழுக்களிலும் ஒரே அளவாக்கிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருப்பினும் அது சரியன்று. எந்தக் குழுவுக்குச் சாதகம் கிடைக்கும் என்பதில் எவருடைய விருப்பமும் கலக்காது என்பதையும், தற்செயலால் நேரும் ஏற்றத்தாழ்வின் அளவை முன்கூட்டியே கணித்து முடிவின் ஐயப்பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதையும் மட்டுமே அது உறுதிசெய்கிறது. ஆகவே எந்தச் சீராக்கமும் செய்யாத எளிய ஒப்பீடு பிழையானதன்று. ஆனால் கையிலுள்ள தகவலில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்ட ஒப்பீடு அது.

விட்டுவிடப்படும் தகவலின் பெறுமதி என்ன என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். சிகிச்சை முடிந்தபின் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டின் பெரும்பகுதி, முதல் மாத்திரை விழுங்கப்படுவதற்கு முன்பே அவர்களிடம் இருந்த வேறுபாடாகவே பெரும்பாலும் இருக்கும். அப்பகுதியைப் பிரித்தெடுத்து ஒதுக்கிவைத்தால் சிகிச்சையால் நேர்ந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். இலங்கை மலையகத்தின் லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பகுதிகளில் ஆய்வு செய்யும் வைத்தியர்களும் பட்டப்பின்படிப்பு மாணவர்களும் எடுத்துக்காட்டுகளைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. இந்தக் கணிதம் பாடநூலுக்குள் நுழைந்ததே தேயிலைச் செடியின் வழியாகத்தான்.

தேயிலைத் துண்டுகளிலிருந்து நோயாளர்களுக்கு

1925இல் தோற்றுவிக்கப்பட்டு, பின்னர் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் ஈடன், அதற்கு முன் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷருடன் இணைந்து பயிர்ப் பரிசோதனைகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர். கோதுமை வயலை ஆண்டுதோறும் உழுது புதிதாக விதைக்கலாம். தேயிலையோ பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும் செடியாதலால், ஒரு துண்டு நிலத்தின் விளைச்சல் அதன் மண், சரிவு, செடிகளின் வயது, கவ்வாத்து வெட்டிய காலம் ஆகியவற்றால் நெடுநாள் முன்னரே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டிருக்கும். அத்தகைய துண்டுகளில் உரத்தைப் பரிசோதித்தால், உரத்தின் விளைவு துண்டுகளுக்கிடையிலான பழைய வேறுபாட்டுக்குள் மறைந்துபோகும். உரம் இடுவதற்கு முன்னரே ஒவ்வொரு துண்டின் கொழுந்தையும் நிறுத்துப் பதிந்து வைத்திருந்தால் இந்தச் சிக்கல் பெரிதும் தீரும் என்பது ஈடனின் தரவுகளில் வெளிப்பட்டது. இலங்கையில் பரிசோதனைக்கென ஒதுக்கப்பட்ட 16 தேயிலைத் துண்டுகளின் அடுத்தடுத்த இரு காலப்பகுதி விளைச்சல்களைக் கொண்ட அவருடைய 1931ஆம் ஆண்டுத் தரவுகளையே, ஆய்வாளர்களுக்கான புகழ்பெற்ற தமது புள்ளிவிபரவியல் நூலின் 1932ஆம் ஆண்டுப் பதிப்பில் இணைமாறற்றிறன் பகுப்பாய்வை விளக்க ஃபிஷர் எடுத்தாண்டார்.

இணைமாறற்றிறன் பகுப்பாய்வு என்னும் நீண்ட பெயருக்குள் இருக்கும் செயல் எளியது. முன்னைய அளவு ஓர் அலகு கூடினால் பின்னைய அளவு சராசரியாக எவ்வளவு கூடுகிறது என்பதைத் தரவிலிருந்தே கண்டறிந்து, குழுக்களுக்கிடையே முன்னைய அளவில் இருந்த வேறுபாட்டுக்கு உரிய பங்கை மட்டும் இறுதி வேறுபாட்டிலிருந்து கழிப்பதே அது. இவ்வாறு 'எவ்வளவு கூடுகிறது' என்று கூறும் எண் பிற்செலவுக் குணகம் எனப்படும். பழைய வேறுபாடு முழுவதையும் கழிப்பதும் இல்லை, முற்றாகப் புறக்கணிப்பதும் இல்லை. எவ்வளவு கழிப்பது என்பதைத் தரவே தீர்மானிக்கிறது.

தேயிலைச் செடியிலிருந்து கொழுந்து பறிப்பவரை நோக்கி இக்கேள்வி நகர்ந்ததற்கும் மலையகத்திலேயே சான்று உண்டு. எட்கர்ட்டன், சேனவிரத்ன முதலியோர் 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில், இரும்புச்சத்துக் குறைபாட்டால் குருதிச்சோகை கொண்டிருந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு இரும்புச்சத்தோ மருந்தற்ற போலி மாத்திரையோ கொடுக்கப்பட்டு, அவர்கள் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்தின் அளவு சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளக்கப்பட்டது. ஒரு மாதச் சிகிச்சைக்குப் பின், இரும்புச்சத்தால் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பறித்தனர் என்றும், டெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரையான ஈமோகுளோபினோடு தொடங்கியவர்களிடம் முன்னேற்றம் அதிகமாக இருந்தது என்றும் அவ்வாய்வு அறிவித்தது. அன்றாட உடலியக்கத்தை ஒப்பிட்டபோது இரும்புச்சத்துப் பெற்றவர்களைத் தமக்கு ஒத்த போலி மாத்திரைக்காரர்களோடு இணைத்துப் பார்த்தனர். தொடக்கநிலையைப் புறக்கணிக்க முடியாது என்ற உணர்வு அந்த வடிவமைப்பிலேயே தெரிகிறது. இன்று அதே பணியை, மேற்சொன்ன குணகத்தைக் கொண்டு கணிக்கும் பிற்செலவு மாதிரி இன்னும் சிக்கனமாகச் செய்கிறது.

ஒரு கணக்கு

பின்வருவது பயிற்சிக்காகக் கற்பிக்கப்பட்ட கணக்கேயன்றி நடந்த ஆய்வன்று. லிந்துலையைச் சூழ்ந்த தோட்டங்களில் குருதிச்சோகை உள்ள 200 பெண் தொழிலாளர்கள் எழுமாற்றாகப் பிரிக்கப்பட்டு, 100 பேர் இரும்புச்சத்தும் 100 பேர் போலி மாத்திரையும் பெறுகின்றனர் என்று கொள்வோமாயின், அளக்கப்படும் விளைவு மூன்றாம் மாதத்தில் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்தின் சராசரிக் கிலோவாகவும், தொடக்கநிலை அளவு பரிசோதனைக்கு முந்தைய மாதத்தின் அதே சராசரியாகவும் இருக்கலாம். ஆட்களிடையிலான பரவலைக் காட்டும் நியம விலகல் இரு காலத்திலும் 5 கிலோ. முன்னைய அளவும் பின்னைய அளவும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் இணைவுக் குணகம் 0.7, விரைந்து பறிப்பவர் அடுத்த மாதமும் விரைந்தே பறிப்பார் என்பதால் இது மிகைப்பட்ட ஊகமன்று.

முந்தைய மாதத்தில் இரும்புச்சத்துக் குழுவின் இடை, அதாவது சராசரி, 18.6 கிலோவாகவும் போலி மாத்திரைக் குழுவினது 18.0 கிலோவாகவும் இருந்து, மூன்றாம் மாதத்தில் அவை முறையே 20.4, 18.8 என ஆனதாகக் கொண்டால், இறுதி அளவுகளை மட்டும் கழிப்பவருக்குக் கிடைக்கும் வேறுபாடு 1.6 கிலோ. ஒவ்வொருவருடைய உயர்வையும் கண்டு உயர்வுகளின் இடைகளைக் கழிப்பவருக்குக் கிடைப்பது 1.8 இலிருந்து 0.8 போக 1.0 கிலோ. இணைமாறற்றிறன் முறையில், இரு காலத்து நியம விலகலும் ஒன்றேயாதலால் பிற்செலவுக் குணகமும் 0.7 ஆகும், தொடக்க வேறுபாடான 0.6 கிலோவை அதனால் பெருக்கி வரும் 0.42 கிலோவை 1.6 இலிருந்து கழித்தால் 1.18 கிலோ கிடைக்கும்.

மூன்று விடைகளில் எது சரி என்று கேட்பதைக் காட்டிலும், ஒவ்வொன்றும் எவ்வளவு ஐயத்தோடு வருகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. மீண்டும் மீண்டும் அதே பரிசோதனையை நடத்தினால் விடை எவ்வளவு அலையும் என்பதை மதிப்பிடும் நியம வழு, முதல் முறையில் ஏறத்தாழ 0.71, இரண்டாம் முறையில் 0.55, மூன்றாம் முறையில் 0.50 ஆகும். அதனடிப்படையில் 95 சதவீத நம்பிக்கை ஆயிடை, அதாவது தரவோடு நன்கு பொருந்தும் விடைகளின் எல்லை, முதல் முறையில் 0.2 முதல் 3.0 வரையும், இரண்டாம் முறையில் சுழியத்துக்குச் சற்றுக் கீழிருந்து 2.1 வரையும், மூன்றாம் முறையில் 0.2 முதல் 2.2 வரையும் அமைகிறது. முதல் முறையின் 1.6 கண்ணுக்குக் கவர்ச்சியாக இருப்பினும் அதில் ஒரு பங்கு இரும்புச்சத்துக் குழுவுக்குத் தற்செயலாக வாய்த்த கைத்திறன். உயர்வுகளைக் கழிக்கும் முறையோ அந்தச் சாதகத்தை அளவுக்கு மீறித் திருத்திவிடுகிறது. ஒரு மாதத்தில் வழக்கத்தை மிஞ்சிப் பறித்தவர் அடுத்த முறை தமது இயல்பான அளவை நோக்கித் தாமாகவே சற்று இறங்குவார் என்பதை அது கணக்கில் கொள்வதில்லை.

இந்த எண்களுக்கு அடியில் ஒரு பொதுவிதி உண்டு. பரவலின் வர்க்க அளவான மாறற்றிறன், சீராக்கத்தின்பின் ஒன்றிலிருந்து இணைவுக் குணகத்தின் வர்க்கத்தைக் கழித்த விகிதமாகச் சுருங்கும். குணகம் 0.3 ஆயின் சுருக்கம் 9 சதவீதம் மட்டுமே, 0.5 ஆயின் 25 சதவீதம்; 0.7 ஆயின் 49 சதவீதம். 0.7 என்னும்போது, சீராக்கிய பகுப்பாய்வில் 200 பேர், சீராக்காத பகுப்பாய்வில் ஏறத்தாழ 390 பேர் செய்யும் வேலையைச் செய்துவிடுகின்றனர். லயங்களுக்கும் மலைகளுக்கும் நடந்துசென்று ஆட்களைச் சேர்ப்பதன் செலவை அறிந்தவர்கள், முந்தைய மாதத்தின் நிறுவைப் பதிவைப் பெறுவது எவ்வளவு மலிவானது என்பதை உணர்வர். உயர்வுகளைக் கழிக்கும் முறையோ, குணகம் 0.5 ஐத் தாண்டினால்தான் இறுதி அளவுகளைக் கழிக்கும் முறையைவிடச் சிறந்தது. அதற்குக் கீழே அது தீங்கே செய்யும். எல்லா நிலையிலும் இவ்விரண்டுக்கும் குறையாததாக நிற்பது இணைமாறற்றிறன் முறை என்பதால், தொடக்க அளவு கையிலிருக்கும் எந்தப் பரிசோதனைக்கும் அதுவே முதல் தெரிவு.

தோட்டத்து நிறுவைப் பதிவுகளை நம்பலாமா என்னும் ஐயம் இங்கு எழுவது இயல்பு. சாக்கின் நிறைக்கும் கொழுந்தின் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்பட்ட கிலோ, ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்து, பிள்ளையின் சுகவீனத்தால் அரைநாளோடு திரும்பிய நாட்கள் ஆகியன பதிவைக் குழப்பும். ஆயினும் எழுமாற்றுப் பரிசோதனையில் தொடக்கநிலை அளவிலுள்ள அளவீட்டு வழு சிகிச்சை ஒப்பீட்டைப் பக்கஞ்சாய்ப்பதில்லை. அது இணைவுக் குணகத்தைக் குறைத்து, கிடைத்திருக்கக்கூடிய துல்லியத்தின் ஒரு பகுதியை வீணாக்குகிறது, அவ்வளவே. ஒரு நாளின் நிறுவைக்குப் பதிலாக நான்கு வாரங்களின் சராசரியை எடுத்தால் அந்த இழப்பும் பெரிதும் குறையும். விளைவு அளவின் நிலை வேறு: அங்குக் கழிவு எல்லோருக்கும் ஒரே முறையில் செய்யப்படுகிறதா, நிறுப்பவருக்கு யார் எந்த மாத்திரை பெறுகிறார் என்பது தெரியாதா என்பவை ஆய்வின் உயிர்நிலையாகும்.

முதலாவது அட்டவணையின் மயக்கம்

மேலேயுள்ள கணக்கில் தொடக்கநிலையின் 0.6 கிலோ வேறுபாட்டைப் புள்ளிவிபரச் சோதனைக்கு உட்படுத்தினால், தற்செயலாலேயே இத்தகைய அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.4 என்று வரும். பல ஆய்வுக் கட்டுரைகளின் முதலாவது அட்டவணையில் ஒவ்வொரு தொடக்கநிலைப் பண்புக்கும் எதிரே இத்தகைய எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும், அது 0.05 ஐவிடக் கூடுதலாயின் 'குழுக்கள் சமநிலையில் உள்ளன' என்று எழுதிச் சீராக்கத்தைக் கைவிடுவதும், குறைவாயின் அந்தப் பண்புக்கு மட்டும் சீராக்குவதும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் இரு வகையில் பிழையானது. எழுமாற்றாக்கம் ஒழுங்காக நடந்திருப்பின் எந்த வேறுபாடும் தற்செயலே என்பது முன்பே தெரிந்திருப்பதால், அச்சோதனை விடை தெரிந்த கேள்வியை மீண்டும் கேட்கிறது. மேலும், மேற்கண்ட 'முக்கியமற்ற' 0.6 கிலோவே இறுதி விடையை 1.6 இலிருந்து 1.18 ஆக நகர்த்தியது; ஏனெனில் ஏற்றத்தாழ்வு எவ்வளவு கேடு செய்யும் என்பது அதன் அளவையும் அந்தப் பண்பு விளைவோடு கொண்டுள்ள தொடர்பையும் சேர்த்தே அமைகிறது. இரு குழுக்களின் திருமண நிலையில் 'முக்கியமான' வேறுபாடு தோன்றினாலும் கொழுந்தின் கிலோவோடு அதற்குத் தொடர்பில்லையாயின் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

டக்ளஸ் ஆல்ட்மன் 1985இலும் ஸ்டீபன் சென் 1994இலும் இதை விரிவாக விளக்கிவிட்டனர். பரிசோதனைகளை அறிக்கையிடுவதற்கான கொன்சோர்ட் நெறிமுறையின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பும் தொடக்கநிலைச் சோதனைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. இருந்தும் அந்த நிரல் அட்டவணைகளில் தொடர்வதற்குக் காரணம், பரிசீலகர்கள் கேட்பதும் அவர்கள் கேட்பார்கள் என்று எழுதுவோர் அஞ்சுவதுமே. மாணவர் ஒருவர் அந்த நிரலை நீக்கிவிட்டு, நீக்கியதற்கான காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதிவைத்தால் போதுமானது. முதலாவது அட்டவணை பங்கேற்றவர்கள் யார் என்பதை வாசகருக்குச் சொல்வதற்கே உரியது.

எவற்றைச் சீராக்குவது, எவற்றைத் தொடக்கூடாது

ஆகவே தெரிவின் அடிப்படை, பரிசோதனை தொடங்கு முன்னரே உள்ள அறிவுதான்: விளைவை வலுவாக முன்னறிவிக்கும் பண்புகள் எவை? ஏறக்குறைய எப்போதும் அவற்றுள் முதலிடம் பெறுவது விளைவின் தொடக்கநிலை அளவே. குருதி அழுக்கத்தைக் குறைக்கும் மருந்தாயின் தொடக்கக் குருதி அழுக்கம். கொழுந்தாயின் முந்தைய மாதக் கொழுந்து. அதனையடுத்து வயது, தொடக்க ஈமோகுளோபின், தொழில் அனுபவ ஆண்டுகள் போன்ற இரண்டு மூன்று மாறிகள் போதும். முதல் மாறி எடுத்துச் சென்றதற்குப் பின் அடுத்தவற்றுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சிறிதே. 200 பேர் கொண்ட ஆய்வில் நான்கைந்து மாறிகள் எத்தீங்கும் செய்யா; 30 பேர் மட்டுமே உள்ள ஆய்வில் ஒன்றுக்கு மேல் சேர்க்குமுன் நன்கு யோசிக்க வேண்டும்.

எழுமாற்றாக்கத்துக்கு முன் ஆட்களை வகுத்த பிரிவுகளான படைகளையும் மாதிரியில் சேர்ப்பது கட்டாயம். தேயிலை மலையில் ஒரு கங்காணியின் கீழ் வேலைசெய்யும் குழு முழுவதும் ஒரே நாளில் ஒரே மலையில் பறிக்கிறது. அந்த மலை கவ்வாத்து வெட்டி எத்தனை ஆண்டானது, மழை பெய்ததா, பனி விழுந்ததா என்பவை அக்குழுவின் எல்லோருடைய கிலோவையும் ஒன்றாக ஏற்றி இறக்கும். எனவே ஒவ்வொரு வேலைக்குழுவுக்குள்ளும் பாதிப்பேர் இரும்புச்சத்தும் பாதிப்பேர் போலி மாத்திரையும் பெறுமாறு படைவாரியாகப் பிரிப்பதே நல்ல வடிவமைப்பு. அவ்வாறு பிரித்தபின் பகுப்பாய்வில் வேலைக்குழுவைக் குறிக்கும் மாறியை விட்டுவிட்டால், வடிவமைப்பால் நீக்கப்பட்ட அலைவு மீண்டும் நியம வழுவுக்குள் புகுந்து அதனை வீணாகப் பெருக்கிக் காட்டும். படைவாரியாகப் பிரிப்பதற்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டுக் கடைசியில் சாதாரண இடை ஒப்பீட்டோடு நின்றுவிடும் ஆய்வுகள் அரியவையல்ல.

தொடர்மாறிகளைத் துண்டாடுவது இன்னொரு வீண்செலவு. ஈமோகுளோபினை '9க்குக் கீழ்', '9க்கு மேல்' என இரண்டாக்கினால், 8.9 உடையவரும் 6.2 உடையவரும் ஒரே வகையினராகிவிடுகின்றனர். அளந்த எண்ணையே மாதிரியில் இட வேண்டும்; விளைவுடனான தொடர்பு நேர்கோடாக இராது என்று கருதினால் வளைகோட்டுக்கு இடமளிக்கலாம். தொடர்பின் வடிவத்தைச் சற்றுத் தவறாக ஊகித்தாலும், எழுமாற்றாக்கம் இருப்பதால் நேரியல் மாதிரியில் சிகிச்சை மதிப்பீடு பெரிய ஆய்வுகளில் பிறழ்வதில்லை. அவதானிப்பு ஆய்வுகளில் சீராக்கத்தின் மீது சுமத்தப்படும் பாரம் மிகப் பெரியது, ஏனெனில் அங்கு மாதிரி பிழைத்தால் முடிவும் பிழைக்கும். எழுமாற்றுப் பரிசோதனையில் அது துல்லியத்துக்கான உதவி மட்டுமே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 மே மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டலும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட சீராக்கத்தை இந்த அடிப்படையிலேயே ஏற்கிறது.

எழுமாற்றாக்கத்துக்குப் பின் அளக்கப்பட்ட எதையும் இவ்வகையில் சீராக்கக் கூடாது. முதல் மாத முடிவின் ஈமோகுளோபின், விழுங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கை, பக்கவிளைவு, வேலைக்கு வந்த நாட்கள் ஆகிய யாவும் சிகிச்சையால் மாறக்கூடியவை. இரும்புச்சத்து ஈமோகுளோபினை உயர்த்தியே கொழுந்தைக் கூட்டுகிறதாயின், உயர்ந்த ஈமோகுளோபினுக்குச் சீராக்குவது சிகிச்சையின் பயனையே துடைத்தெடுப்பதாகும். பிந்தி அளந்தாலும் மாறாத வயது போன்றவற்றுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு.

கொத்துப் பரிசோதனைகள்

தனியாட்களைப் பிரிக்க முடியாமல் முழுத் தோட்டங்களையோ கிராமங்களையோ எழுமாற்றாகப் பிரிக்கும்போது ஏற்றத்தாழ்வின் வாய்ப்பு பெருகுகிறது. ஏனெனில் ஆயிரக்கணக்கானோர் பங்குபற்றினாலும் குலுக்கப்படுபவை சில பத்துக் கொத்துகளே. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் உயர் குருதி அழுக்கமுள்ள 2,645 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளியான கோப்ரா-பிபிஎஸ் பரிசோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று குருதி அழுக்கத்தைக் கண்காணித்த சமூகங்களில் தொடக்க மேல் அழுக்கத்தின் இடை 146.7 மில்லிமீற்றர் இரசமாகவும், வழமையான பராமரிப்புச் சமூகங்களில் 144.7 ஆகவும் இருந்தது. 24 மாதங்களில் முதலாவதில் 9.0 உம் இரண்டாவதில் 3.9 உம் வீழ்ச்சி ஏற்பட்டது. இவ்வெண்களிலிருந்து இறுதி அளவுகளைக் கணித்துக் கழித்தால் ஏறத்தாழ 3.1 மட்டுமே கிடைக்கும். வீழ்ச்சிகளைக் கழித்தால் 5.1, ஆய்வாளர்கள் தமது மாதிரியின் வழியே அறிவித்த வேறுபாடு 5.2, அதன் நம்பிக்கை ஆயிடை 3.2 முதல் 7.1 வரை. தலையீட்டுக் குழு பின்தங்கிய நிலையில் தொடங்கியதைக் கணக்கில் கொள்ளாத வாசகருக்கு, வீட்டுவாசலுக்கு வந்த பராமரிப்பின் பயனில் ஐந்தில் இரண்டு பங்கு தெரியாமலே போயிருக்கும்.

தனியாளின் ஒரு நாள் அளவு அடுத்த முறை மாறிவிடுவதுபோல் ஒரு சமூகத்தின் சராசரி எளிதில் மாறுவதில்லை என்பதால், கொத்துகளுக்கிடையிலான தொடக்க வேறுபாடு பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஆகவே இத்தகைய ஆய்வுகளில் தனியாளின் தொடக்க அளவோடு கொத்தின் தொடக்கச் சராசரியையும் மாதிரியில் சேர்ப்பது நன்று. மலையகத்தில் தோட்டம் தோட்டமாகப் பிரிக்கும் எந்த ஆய்வும், தோட்டங்களின் எண்ணிக்கை குறைவாயின், கொத்து மட்டத்தில் அந்தச் சராசரி என்ற ஒரு மாறியோடு நின்றுகொள்வது பாதுகாப்பானது.

ஆம், இல்லை என்ற விளைவுகள்

விளைவு ஓர் அளவாக இல்லாமல் 'இலக்கை எட்டினார், எட்டவில்லை' என்று இருக்கும்போது சீராக்கத்தில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான டிரையம்ஃப் பரிசோதனை, இலங்கையின் நகர்ப்புற வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளரிடம் குறைந்த அளவு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையை வழமையான சிகிச்சையோடு ஒப்பிட்டது. ஆறு மாதத்தில் இலக்குக் குருதி அழுக்கத்தை எட்டியவர்கள் ஏறத்தாழ 70 சதவீதமும் 55 சதவீதமும் ஆவர். இதனை 15 சதவீதப் புள்ளி வேறுபாடு என்றும், 1.27 மடங்கு என்றும் சொல்லலாம். எட்டியவர்களை எட்டாதவர்களால் வகுத்து வரும் விகிதத்தின் மூலம் ஒப்பிட்டால், அதாவது வாய்ப்பு விகிதமாகக் கூறினால், 1.9 என்று வரும். ஒரே செய்தி மூன்று உடைகளில் வருகிறது. மூன்றாவதைக் கேட்பவர் பயன் ஏறக்குறைய இரட்டிப்பு என்று தவறாக எண்ணிக்கொள்வார்.

கண்ணி அதனோடு முடிவதில்லை. கடுமையான குருதிச்சோகை உள்ளவர்களும் லேசான குருதிச்சோகை உள்ளவர்களும் இரு குழுக்களிலும் சரிபாதியாக இருப்பதாகவும், கடுமையானவர்களில் குணமடைவோர் போலி மாத்திரையில் 20 சதவீதம், இரும்புச்சத்தில் 50 சதவீதம் என்றும், லேசானவர்களில் முறையே 50, 80 என்றும் கற்பித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வகையிலும் வாய்ப்பு விகிதம் சரியாக 4. ஆனால் வகைகளைக் கலந்து பார்த்தால் 35 சதவீதமும் 65 சதவீதமும் வந்து, வாய்ப்பு விகிதம் 3.4 ஆகிவிடுகிறது. எங்கும் ஏற்றத்தாழ்வு இல்லை, எவரும் பிழை செய்யவும் இல்லை. சீராக்கிய வாய்ப்பு விகிதமும் சீராக்காத வாய்ப்பு விகிதமும் இரு வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதே காரணம். சதவீதப் புள்ளி வேறுபாடோ வகைக்குள்ளும் மொத்தத்திலும் 30 ஆகவே நிற்கிறது. எனவே தொடக்கநிலை மாறிகளைக் கொண்ட மாதிரியைப் பொருத்தியபின், பங்குபற்றிய ஒவ்வொருவருக்கும் 'இரும்புச்சத்துப் பெற்றிருந்தால்', 'போலி மாத்திரை பெற்றிருந்தால்' என இரு நிகழ்தகவுகளைக் கணித்து, அவற்றின் இடைகளைக் கழித்து வரும் வேறுபாட்டை அறிவிப்பது பரிந்துரைக்கத் தக்கது. சீராக்கத்தின் துல்லியமும் கிடைக்கும், சுகாதார அமைச்சின் அலுவலருக்கும் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் புரியும் எண்ணும் கிடைக்கும்.

யாருக்குப் பயன் கூடுதல் என்னும் கேள்வி

1979ஆம் ஆண்டு ஆய்வில் கடுமையான குருதிச்சோகையோடு தொடங்கியவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது என்பது வேறொரு வகைக் கேள்விக்கான விடை. சீராக்கம் எல்லோருக்கும் பொதுவான ஒரு சராசரிப் பயனைத் துல்லியமாக்குகிறது. பயன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதா என்பதை அறிய, சிகிச்சையும் தொடக்க ஈமோகுளோபினும் சேர்ந்த இடைவினை உறுப்பை மாதிரியில் சேர்க்க வேண்டும். சராசரிப் பயனுக்குப் போதுமான ஆட்கள் இடைவினைக்குப் பெரும்பாலும் போதமாட்டார்கள். இரும்புச்சத்துக் குழுவில் மட்டும் பார்த்து 'தாழ்ந்து தொடங்கியவர்களே கூடுதலாக உயர்ந்தனர்' என்று எழுதுவது எச்சரிக்கையோடு நோக்கத் தக்கது. தாழ்ந்த அளவு காரணமாகத் தெரிவுசெய்யப்பட்டவர்கள் போலி மாத்திரையிலும் சற்று உயரவே செய்வர். அதே வகையினரைப் போலி மாத்திரைக் குழுவிலும் வைத்து ஒப்பிட்ட பின்னரே அந்த வாக்கியத்தை எழுதும் உரிமை கிடைக்கிறது.

திட்டத்தில் எழுத வேண்டியது

தரவைப் பார்த்தபின் மாறிகளைத் தெரிவுசெய்ய இடமிருந்தால், விரும்பிய விடை வரும்வரை மாதிரிகளை மாற்றிப் பார்க்கவும் இடமிருக்கும். மேலே 1.6, 1.0, 1.18 என்று வந்த மூன்று விடைகளில் ஒன்றை எண்களைக் கண்டபின் தெரிவுசெய்யும் ஆய்வாளர் எவ்வளவு நேர்மையானவராயினும் வாசகர் அவரை நம்பக் காரணமில்லை. ஆகவே எந்த மாறிகள், எந்த வடிவில், எந்த மாதிரியில் என்பது முதலாவது நோயாளர் சேர்வதற்கு முன்னரே ஆய்வுத் திட்டத்தில் எழுதப்பட்டு, இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் செய்யப்படும் பதிவோடும் ஒத்திருக்க வேண்டும். மேற்கண்ட கற்பனை ஆய்வுக்கு அந்தப் பகுதி ஏறத்தாழ இவ்வாறு அமையும்: 'முதன்மை விளைவு மூன்றாம் மாதத்தில் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்தின் சராசரிக் கிலோ ஆகும். சிகிச்சைக் குழு, முந்தைய நான்கு வாரங்களின் சராசரிக் கிலோ, தொடக்க ஈமோகுளோபின், வயது, வேலைக்குழு ஆகியவற்றைக் கொண்ட நேரியல் பிற்செலவு மாதிரியால் சிகிச்சை வேறுபாடும் அதன் 95 சதவீத நம்பிக்கை ஆயிடையும் மதிப்பிடப்படும். சீராக்காத வேறுபாடும் ஒப்பீட்டுக்காகத் தரப்படும். தொடக்கநிலைப் பண்புகள்மீது முக்கியத்துவச் சோதனைகள் செய்யப்படமாட்டா.'

இத்துடன் விடுபட்ட தொடக்கத் தரவைப் பற்றியும் ஒரு வாக்கியம் தேவை. பிரசவ விடுமுறையிலிருந்து அப்போதுதான் திரும்பியவருக்கு முந்தைய மாத நிறுவை இராது. குருதி மாதிரி உறைந்துபோனதால் ஒருவரின் ஈமோகுளோபின் கிடைக்காமலும் போகலாம். அவர்களைப் பகுப்பாய்விலிருந்து நீக்குவது எழுமாற்றாக்கத்தால் பெற்றதைக் கையைவிட்டு இழப்பதாகும். விடுபட்ட இடத்தில், குழுவைப் பாராமல் கிடைத்த எல்லோருடைய இடையையும் இட்டு, விடுபட்டதைக் குறிக்கும் மாறி ஒன்றையும் சேர்த்துக்கொள்வது எழுமாற்றுப் பரிசோதனையில் போதுமானது. அவதானிப்பு ஆய்வுகளில் ஏற்கப்படாத இந்த எளிய வழி இங்கு ஏற்கப்படுவதற்குக் காரணம், தொடக்கத் தரவு விடுபடுவதும் குழுப் பிரிப்புக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டதால் இரு குழுக்களுக்கும் அது ஒரே வாய்ப்போடு பங்கிடப்பட்டிருப்பதே. இறுதி அளவு விடுபட்டால் இந்த வழி செல்லாது; அதற்குரிய முறைகள் வேறு, அவற்றுக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.